திரும்பிப் போன தட்டு

மேடையில் வீற்றிருக்கும் நம் யூத மதகுரு ரப்பி மெஸ்ஸோட் அவர்களே, பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் மர்சியானோ அவர்களே, மதாம் பெர்லாவின் மக்களே, காஸாபிளாங்காவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்து இந்த உணவுக்கூடத்தை நிறைத்திருக்கும் பெற்றோரே, பழைய மாணவர்களே! துக்கத்தின் முப்பதாம் நாளான இன்று உங்கள் அனைவருக்கும் இந்த இரண்டாம் வகுப்பு ஆசிரியையின் வணக்கம்.

நம் தலைமையாசிரியை, பெருமதிப்பிற்குரிய மதாம் பெர்லா எல்மாலே இனி இல்லை. அது எனக்கு எங்கே உறைத்தது தெரியுமா? கல்லறையில் அல்ல. துக்க வீட்டில்! துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தரும் அவித்த முட்டையை என் கையில் கொடுத்தபடியே ஒரு தாய் காதருகே குனிந்தார்.

"இனிமே கிளாஸ் யாரு பிரிப்பாங்க? எம் பொண்ணை அவ சிநேகிதிங்களோடயே போட்டுடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முட்டையைக் கடிக்காமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

பிரிப்பதா? மதாம் பெர்லா அந்தச் சொல்லையே சொல்லமாட்டார். "நான் பிரிக்கிறதில்லம்மா, சேர்க்கிறேன்" என்பார். ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுப் பாரிசுக்கும் மொன்ட்ரியாலுக்கும் போய்க்கொண்டிருக்கிறோம். மிஞ்சிய பிள்ளைகளை இன்னுமா பிரிப்பது?

எதை வைத்து அவர் சேர்த்தார்? மதிப்பெண்ணையா? அப்பாவின் செல்வாக்கையா? இல்லை! பூரிம் பண்டிகையன்று பள்ளி வாசலில் வந்து நின்றுகொள்வார். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தின்பண்டத் தட்டு கொடுக்கிற நாள் அல்லவா? யாருக்குத் தட்டுகள் குவிந்தன என்று நாமெல்லாம் பார்த்தோம். யார் கொண்டுவந்த தட்டு பிரிக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்புகிறது என்று அவர் பார்த்தார்.

ஒரு பூரிமில் நிஸ்ஸிம் என்ற பையன், எஸ்ஸவீரா ஊரிலிருந்து புதிதாக வந்தவன், பேச்சு திக்கும், மூடிய தட்டோடு நழுவப் பார்த்தான்.

"யாருக்கும் குடுக்கலையா ராஜா?"

"கு... குடுக்க ஆளில்ல, மதாம்."

"நான் ஒருத்தி மலையாட்டம் நிக்கிறேன், ஆளில்லங்கறியே! கொண்டா இங்க."

படியில் உட்கார்ந்து அத்தனை பாதாம் பலகாரத்தையும் தின்று தீர்த்தார். சர்க்கரை நோயாளி! அன்று மாலை அவரை டாக்டரிடம் கூட்டிப்போய்த் திட்டு வாங்கியது நான்.

அடுத்த ஆண்டு நிஸ்ஸிமை, எப்போதும் தட்டுகள் குவிகிற ரூபன் என்ற பையன் பக்கத்தில் உட்கார வைத்தார். ரூபனின் கூட்டாளிகள் இன்னொரு அறைக்குப் போனார்கள். ரூபனின் தந்தை கொதித்துப்போய் வந்தார்.

"இந்தக் கூரையே நான் போட்டுக் குடுத்தது, மதாம்!"

"கூரை ஒழுகாம நல்லாத்தான் இருக்குங்க. ஆனா அதுக்குக் கீழ ஒரு பையன் தனியா நனையறானே, அதுக்கு என்ன பண்ணலாம்?"

அவர் பல மாதம் மதாமிடம் பேசவில்லை. ஆனால் அடுத்த பூரிமில் ரூபனின் கையைப் பிடித்துக்கொண்டு நிஸ்ஸிம் வீட்டுக்குத் தட்டு கொண்டுபோனவர் அவரேதான். தலைவர் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தந்தை நீங்கள்!

நாளை உங்கள் குழுவின் முன் ஒரு யோசனை வருகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு, மற்றவர்களுக்கு ஒரு வகுப்பு என்று. மதாம் பெர்லா போன அந்த மாதமே இதைக் கொண்டுவர நமக்கு எப்படி மனம் வந்தது? கூடாது! நான் இருக்கும்வரை கூடாது! வகுப்புகளை இனி நான் சேர்க்கிறேன். சிபாரிசோடு வருகிறவர்கள் தாராளமாக வரலாம், புதினாத் தேநீர் தருகிறேன். ஆனால் முதல் கேள்வி என்னுடையது: பூரிம் அன்று உங்கள் பிள்ளையின் தட்டு யாருக்குப் போனது?

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, இந்த ஆண்டு தட்டு திரும்பிப் போன இரண்டு பிள்ளைகளின் பெயரை அவர் என் காதில் சொன்னார். அந்தப் பெயர்களை இங்கே சொல்லமாட்டேன். "யார் பக்கத்துல உக்கார வைக்கட்டும், மதாம்?" என்று கேட்டேன்.

"அதை நீ பாத்துக்கோடி" என்றார்.

பார்த்துக்கொள்கிறேன், மதாம்!