மெய்யிலிருந்து கழிந்த லிங்

காலை ஃபெரியில் என் பக்கத்தில் நின்ற பெண் தன்னோடு வந்த மூத்தவளிடம் திடீரென்று சொன்னாள்: “அக்கா, கம்ப்யூட்டர் மெய்யில இருந்து லிங்கைக் கழிச்சிருச்சு.”

இருவரும் மாக் மண்டின் பகுதித் தொழிற்சாலை ஒன்றின் சீருடையில் இருந்தார்கள்.

“என்னடி சொல்ற?”

“நம்ம மெய்-லிங் பேரை லிஸ்ட்ல தேடி எடுக்க, புரோகிராம்ல புள்ளி வச்சு எழுதினேன். நடுவுல இருக்கிற கோட்டைக் கழித்தல்னு எடுத்துக்கிச்சு. சதுர அடைப்புக்குள்ள மேற்கோள் போட்டு எழுதியிருக்கணும்.”

“அதான் நேத்து ஃபேக்டரி கேட்ல, லிஸ்ட்ல பேரில்லைன்னு அவளைத் திருப்பி அனுப்பினாங்களா?”

“ஆமாக்கா. வேலை போச்சுன்னு அழுதுக்கிட்டே போனாங்க. இந்த ஃபெரி ஏன் இப்படி ஊர்ந்து போகுது?”

“வாயை மூடிக்கிட்டுச் சரி பண்ணிரு லா. உன் தப்புன்னு தெரிஞ்சா உன்னையும் அனுப்பிருவாங்க.”

ஃபெரி கரை சேர்ந்ததும் இளையவள் பொதுத் தொலைபேசிக்கு ஓடினாள். மலாய் மொழியில் அவள் கத்தியது எனக்கும் கேட்டது: “மெய்-லிங், தப்பு என்னோடது. கிளம்பி வாங்க, கேட்ல நான் நிக்கிறேன்.”