கிழக்குச் சரிவைப் பார்த்துவிட்டேன்

உங்கள் ஜன்னலுக்கு நேரே அந்த மேட்டில் ஒரு பெட்டை மான் நிற்கிறது. நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து கவனிக்கிறேன், அசையவே இல்லை. ஊருக்கு இவ்வளவு கிட்டத்தில் மான் இறங்குவது இப்போதெல்லாம் அபூர்வம். இருக்கட்டும், அது பாட்டுக்கு நிற்கட்டும். காபி வேண்டாம். இந்த வயதில் காபி குடித்தால் எழுந்து எழுந்து போக வேண்டிவரும், சொல்ல வந்தது நடுவில் அறுந்துபோகும்.

பெயர் ஃபெர்மின் ஒச்சோவா. தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன். மகள் மரிசேலா வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் நடந்தே வந்தேன். சானோ கிஹாடா செத்ததைப் பற்றி ஊரில் ஒரு தப்பான பேச்சு ஓடுகிறது. காவல் துறை ஆளான நீங்களும் அதையே நம்பிவிட்டீர்கள். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

நாங்கள் மூன்று பேர். நான், சானோ, டெல்ஃபினோ. ஒரே சுரங்கம், ஒரே ஷிஃப்ட். மரிசேலாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்றவன் சானோ. அன்றிலிருந்து அவன் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவனுக்குக் கொம்பாத்ரே. எங்கள் ஜனங்களுக்கு அது கூடப்பிறப்பைவிட ஒரு படி மேல். மான் சுடும் அனுமதி குலுக்கலில் விழுகிற வருஷமெல்லாம் நவம்பரில் தோர்த்தூகா மலைக்குப் போவோம். டெல்ஃபினோ சமைப்பான், சானோ சுடுவான், நான் பார்ப்பேன்.

நீங்கள் வடக்கே இருந்து வந்தவர், அதனால் சொல்கிறேன். பார்ப்பது என்றால் சும்மா இல்லை. எங்கள் மலை மான் சின்னது, மண்ணின் நிறம். வெயில் ஏறினதும் குட்டை ஓக் மரத்தடியில் படுத்துவிடும். நடந்து தேடினால் ஓடுகிற வாலைத்தான் பார்க்கலாம். ஆகவே ஒருத்தன் உச்சியில் முக்காலியில் பெரிய பைனாகுலரைப் பொருத்திக்கொண்டு, எதிர்ச் சரிவை மரம் மரமாக, நிழல் நிழலாகப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு கீழே போகிறவனுக்குத் தொப்பியால் வழி சொல்ல வேண்டும். வலப்பக்கம் நீட்டினால் வலது. தலைக்கு மேலே தூக்கினால் நில். இரண்டு கையாலும் பிடித்து மார்புக்கு இறக்கினால், என்னிடம் வா.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருத்தன் ஒரு சரிவைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால், மற்றவன் அந்தப் பக்கம் பைனாகுலரைத் திருப்பக் கூடாது. திருப்பினால் அவனை முகத்துக்கு நேரே குருடன் என்று சொன்ன மாதிரி. இதற்காகப் பேச்சுவார்த்தை அறுந்துபோன குடும்பங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. நான் பார்த்த சரிவை வேறு யாரும் பார்த்ததில்லை. கவிலான் என்று கூப்பிடுவார்கள், பருந்து என்று அர்த்தம். என் அம்மா வைத்த பெயரைவிட அந்தப் பெயருக்குத்தான் நான் சீக்கிரம் திரும்பிப் பார்ப்பேன்.

இந்த வருஷம் முதல் நாள் காலையில் ஒரு கிடா மான் படுத்திருப்பதைப் பார்த்தேன். நல்ல கொம்பு. தொப்பி காட்டிக் காட்டிச் சானோவைக் கள்ளிக்காட்டுக்குள் தவழவிட்டேன். கிட்டே போனவன் எழுந்து நின்று, கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்தபடி நின்றான். அப்புறம் திரும்பி நடந்தான். அது பாறை.

கூடாரத்துக்கு வந்தபோது அவன் கையெல்லாம் முள்ளோடு பிய்ந்து வந்து குத்தி ஒட்டிய கள்ளி உருண்டை. டெல்ஃபினோ சீப்பை விட்டு நெம்பி நெம்பி எடுத்தான்.

"கவிலான், பாறைக் கறிக்கு எவ்வளவு மிளகா போடணும்? எனக்குப் பழக்கமில்ல பாரு" என்றான் டெல்ஃபினோ.

"நீ சும்மா இருடா. அந்தப் பாறைக்குப் பின்னால காய்ஞ்ச கிளை ஒண்ணு கொம்பு மாதிரியே நிக்குது. கிட்டப் போறவரைக்கும் நானே நம்பிட்டேன்" என்றான் சானோ.

எனக்காகப் பேசினான். அது அவன் சுபாவம். டெல்ஃபினோவின் கேலி என்னை ஒன்றும் செய்யவில்லை, சுரங்கத்தில் இதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறேன். டெல்ஃபினோ தண்ணீர் எடுக்கப் போன பிறகுதான் சானோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தாழ்ந்த குரலில் பேசினான்.

"கோச்சுக்காத, கொம்பாத்ரே. ரெண்டு வருஷமா கவனிச்சுட்டுதான் இருக்கேன். போன தடவ மேய்ச்சல் கழுதையக் காட்டி மான்னு சொன்ன. நான் யார்கிட்டயும் மூச்சு விடல."

நான் பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மரிசேலாகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன். கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னிருக்கா. அதுவரைக்கும் நீ வண்டி ஓட்டக் கூடாதாம். அடுத்த தடவ நீ அடுப்பப் பாத்துக்க, நான் மேல உக்காந்துக்கறேன். வெளிய தெரிய வேணாம். டெல்ஃபினோகிட்ட முட்டி வலின்னு சொல்லிக்கலாம்."

"சரி" என்றேன். கோபப்படுகிற ஆள் இல்லை நான், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒருவன் உன்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அதை வெளியே தெரியாமல் செய்து தருகிறேன் என்கிறான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவனோ முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

அன்று மதியம் டெல்ஃபினோ வடக்கே போனான். சானோ, "நீ படு, நான் கிழக்கால ஒரு நடை போய்ட்டு வரேன்" என்று என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பினான். வழிசொல்லி வேண்டாமாம். நான் படுக்கவில்லை. உச்சிக்கு ஏறி, வழக்கமான இடத்தில் முக்காலியை நிறுத்தினேன்.

அவனை உடனே பிடித்துவிட்டேன். சரிவின் பாதியில் ஒரு பாறை விளிம்பில் நடந்துகொண்டிருந்தான். சரளை சரிந்தது. அவனும் அதோடு சரிந்து, ஓடையின் அடியில் போய் விழுந்தான். துப்பாக்கி அவனைத் தாண்டி இன்னும் கீழே உருண்டு மறைந்தது. அவனுடைய வலது கால் போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அப்போது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைத்து என்ன ஆகப்போகிறது. அவ்வளவு தூரத்தில் அவன் பெல்ட் பக்கிள் மின்னியதுவரை தெரிந்தது. யார் கண் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் பெல்ட்டை உருவித் தொடையில் கட்டினான். காய்ந்த கற்றாழைத் தண்டு ஒன்றைப் பிடுங்கி, கழுத்திலிருந்த சிவப்புத் துணியை அதன் நுனியில் முடிந்து கல்லிடுக்கில் நட்டான். பிறகு என் உச்சியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, தொப்பியை இரண்டு கையாலும் பிடித்து மார்புக்கு இறக்கினான். என்னிடம் வா.

கத்தவில்லை. பதறவும் இல்லை. நான் பார்க்கிறேன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. காலையில்தான் எனக்குக் கண் இல்லை என்று சொன்னவன். இப்போது எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள். கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். எனக்குத்தான் கண் தெரியாதே, கண் தெரியாதவன் எப்படி வருவான்? ஒரு அரை மணி நேரம் போகட்டும், பிறகு இறங்கலாம். நிஜமாகவே இறங்குவதாகத்தான் இருந்தேன். வெயில் சாய்ந்தது, எதிர்ச் சரிவில் நிழல் விழுந்தது, அவன் இருந்த ஓடை இருட்டிவிட்டது.

கூடாரத்தில் டெல்ஃபினோ கேட்டான். "சானோ எங்க? உன் பக்கம் வந்தானா?"

"கிழக்குச் சரிவு முழுக்கப் பார்த்துட்டேன். அங்க இல்ல."

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது, எங்கள் வழக்கம் அப்படி. மறுபடி போய்ப் பார்த்தேன், இருக்கிறான் என்று சொன்னால், முதலில் பார்க்காமல் விட்டேன் என்று ஆகிவிடும். கேலி செய்ய டெல்ஃபினோவுக்கு ஆயுசு முழுக்க அது போதும். அந்த மலையில் போன் எடுக்காது, அவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடினான்.

மறுநாள் நீங்கள் ஆட்களோடு வந்தீர்கள். காற்று அடங்காமல் ஹெலிகாப்டர் ஏறாது என்றார்கள். நீங்கள் கிழக்கைக் காட்டி, "இந்தப் பக்கம் யார் போறது?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? டெல்ஃபினோ உங்களிடம் கொஞ்சம் எரிந்தே விழுந்தான். "அத ஃபெர்மின் பார்த்துட்டார்ங்க. அங்க ஒரு முயல் படுத்திருந்தாலும் சொல்லியிருப்பார்." முந்தின நாள் பாறைக் கறி என்று சிரித்தவன், ஆபத்து என்று வந்தபோது என் கண்ணுக்காக உங்களோடு சண்டை போட்டான். அதற்கு மேல் எப்படி வாயைத் திறப்பது? எல்லாரும் வடக்கேயும் மேற்கேயும் போனீர்கள்.

நான் உச்சிக்குப் போனேன். இருந்தான். ராத்திரி தண்ணீர்ப் பையெல்லாம் உறைந்த குளிர், இருந்தும் உயிரோடு இருந்தான். நான் பாறை நிழலில் உட்கார்ந்திருந்ததால் பைனாகுலர் கண்ணாடி அவனுக்கு மின்னியிருக்காது. ஆனாலும் நேராக என்னைப் பார்த்தே தொப்பியை இறக்கினான். மதியம் ஆக ஆகக் கை மெதுவாயிற்று. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் நெடுநேரம் ஆயிற்று. கண் வலித்தது, ஆனால் நான் எடுக்கவில்லை. அவன் தனியாக இருந்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைசிவரை நான் கூட இருந்தேன்.

கடைசியில் தொப்பியை முகத்தின் மேல் வைத்துக்கொண்டான். காற்று அடித்துப் போகாமலிருக்க அதன் விளிம்பில் ஒரு கல்லையும் தூக்கி வைத்தான். அதற்குப் பிறகு கை எழவில்லை. நான் இறங்கிப் போனேன். டெல்ஃபினோ பீன்ஸ் சூடுபண்ணி வைத்திருந்தான். சாப்பிட்டேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். அந்தக் கல்தானே? கழுகு வட்டமடிப்பதைப் பார்த்து டெல்ஃபினோதான் முதலில் ஓடையில் இறங்கினான், பின்னாலேயே நீங்கள். நீங்கள் இரண்டு பேரைத் தவிர அந்தக் கல்லைப் பார்த்தவர் கிடையாது. சானோ பெண்சாதியிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று டெல்ஃபினோவிடம் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அவன் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவன். எனக்கு எப்படித் தெரியும்? பார்த்தேன். அதைத்தானே அப்போதிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடக்கத்தன்று சானோவின் பெண்சாதி எவுலாலியா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல கொம்பாத்ரே. உங்க கண்ணு ரெண்டு வருஷமா சரியில்லன்னு அவரே சொன்னார். உங்களால பார்க்க முடியல, அவ்வளவுதான். மனசப் போட்டு வாட்டிக்காதீங்க." சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். டெல்ஃபினோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் தப்புப் பண்ணேன். பாவம், வயசான கண்ண நம்பிட்டேன்" என்றான். மரிசேலா அன்று சாயங்காலமே சாவியை எடுத்துக்கொண்டாள். இப்போது நான் தெருவில் இறங்கினால் கடைக்காரன் ஓடிவந்து கையைப் பிடித்துப் படியிறக்கிவிடுகிறான். கவிலான் என்று யாரும் கூப்பிடுவதில்லை.

தூக்கம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கோயிலில் ஆண்கள் தொப்பியை எடுத்து மார்பில் வைக்கிறார்கள் இல்லையா, இப்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் போவதில்லை. அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுச் சுவருக்கு மேலே ஏதோ ஒன்று மெதுவாகக் கீழே இறங்குகிறது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். அந்த இரக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதனால் நான் சொல்கிறபடியே எழுதுங்கள். பார்க்க முடியவில்லை என்று எங்கேயும் வரக் கூடாது. ஃபெர்மின் ஒச்சோவா பார்த்தான். விழுந்ததைப் பார்த்தான், கூப்பிட்டதைப் பார்த்தான், கை நின்றதைப் பார்த்தான். என்ன தண்டனை என்றாலும் சரி. என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

நம்பிக்கை இல்லையென்றால் இதோ, ஜன்னலைப் பாருங்கள். அந்தப் பெட்டை இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. இவ்வளவு நேரம் இந்த அறையில் இருந்தீர்கள், உங்கள் இளங்கண்ணுக்கு அது பட்டதா?

எழுந்து போய் நெடுநேரம் பார்க்கிறீர்கள். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே சொல்கிறீர்கள்.

"அது பாறைங்க, மிஸ்டர் ஒச்சோவா. நான் இங்க வேலைக்கு வந்த நாள்லேருந்து அங்கதான் இருக்கு."

நான் வாதாடப் போவதில்லை. பொறுமையாகப் பார்ப்பது எல்லாருக்கும் வருகிற காரியம் இல்லை. கொஞ்சம் வெயில் சாயட்டும், உட்காருங்கள். காதை அசைப்பாள்.