வெயிலில் நிற்காத வாசனை

வெயில் காலத்தில் பகலில் அகில் கட்டையில் வடித்த ஊது அத்தர் போடக் கூடாது, தலை வலிக்கும். இதை என் சொந்தக்காரர்களிடம் எவ்வளவோ காலமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் கேட்டதில்லை. நீங்கள் நீதிமன்றத்திலிருந்து மத்ரா வரைக்கும் இந்தக் கொதிப்பில் வந்திருக்கிறீர்கள், மேலே ஒரு சொட்டு வாசனை இல்லை. விவரமானவர். காவா காப்பி குடியுங்கள், பேரீச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை ரய்யா உள்ளே தூங்குகிறாள். அவள் எழுவதற்குள் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாளில் என்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லை, அதனால்தான் நான் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்துக்கு வாசனைதான் கௌரவம். என் அண்ணன் கல்ஃபான் வங்கிக்குப் போனால்கூட இடுப்பில் வெள்ளிக் குத்துவாளோடுதான் போவார். அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவருடைய ஊது வந்து நல்ல நாற்காலியில் உட்கார்ந்துவிடும். அப்பாவின் தங்கை கனியா அத்தை இன்னும் ஒரு படி மேலே. சாம்பிராணிப் புகையை முகர்ந்தே அது எந்த மலையில் வடித்த பால் என்று சொல்லிவிடுவாள் என்று பேர். ஒருமுறை எங்கள் வீட்டுத் தரை துடைத்த மருந்தை நன்றாக இழுத்து முகர்ந்து, "ஜபல் அக்தர் மலைப் பன்னீர்தானேடி இது? என்கிட்ட மறைக்க முடியாது" என்றாள். ஆமாம் அத்தை என்றேன். எங்கள் வீட்டில் பெரியவர்களைத் திருத்துகிற பழக்கம் கிடையாது.

ஹிலால் என் தம்பி. அம்மா அவனைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள், வளர்த்தது நான். எனக்கு வந்த வரன்களையெல்லாம் பிள்ளை சின்னவன் என்று சொல்லித் திருப்பியனுப்பினேன். பிள்ளை பெரியவனானபோது வரன்கள் வருவது நின்றுபோயிருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அவனுக்கு நிலம் அளக்கிற வேலை. நாள் முழுக்க வெட்டவெளி. அந்த வெயிலில் ஊது போட்டுக்கொண்டு நின்றால் மனிதன் புகைந்துபோவான். அவனுக்காகக் கடைத்தெருவில் ஒரு பச்சைக் குப்பி வாங்கினேன். கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார்: "இது பகல்ல போடுறது அக்கா. வெயில்ல கனக்காது. ஆனா சாயங்காலம் வரைக்கும் நிக்காது. அப்புறம் என்கிட்ட வந்து சண்டை போடக் கூடாது." திறந்தால் அப்போதுதான் அறுத்த புல், கையில் கசக்கிய துளசி. கொஞ்சம் பொறுத்தால் அடியிலிருந்து நனைந்த வெட்டிவேரும் இழைத்த தேவதாருவும் மெல்ல வரும். ஹிலாலுக்குப் பிடித்துப்போயிற்று. "அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம்க்கா. புல்லு வாசம் வருதுன்னு என்னை ஆட்டுக் கொட்டகையில கட்டிப்போட்டுருவாங்க" என்றான். வெள்ளிக்கிழமையும் விசேஷமும் என்றால் எல்லாரையும் போல ஊது. மற்ற நாட்களில் காலையில் வாசலில் என் முன்னால் குனிவான். அங்கியின் கழுத்திலிருந்து நெஞ்சில் தொங்குகிற நூல் குஞ்சத்தைக் குப்பியில் தோய்த்துவிடுவேன். அவன் வீடு திரும்புவதற்குள் வாசனை ஆறிப்போயிருக்கும். அதனால் அந்த வாசனை குடும்பத்தில் எவர் மூக்குக்கும் எட்டவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையை ஸுவைனா எடுத்துக்கொண்டாள். அவன் காரிலேயே வேறொரு குப்பி வாங்கி வைத்துக்கொண்டான். கார் கதவருகே அவள் குஞ்சத்தைத் தோய்ப்பதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். ஒரு குஞ்சத்தைத் தோய்க்க அவ்வளவு நேரம் ஆகாது. நான் செய்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

நல்ல பெண்தான். ஸூர் ஊர்க்காரி, கடற்கரைக் குடும்பம், குரலை உயர்த்திப் பேசமாட்டாள். ரய்யா பிறந்தபோது குழந்தையை முதலில் என் மடியில் வைத்தது அவள்தான்.

அதற்கடுத்த வருஷம் மழையில், வறண்டு கிடக்கிற வாதி ஆறு பெருகி ஹிலாலின் காரை அடித்துக்கொண்டு போனது. அவன் மௌத்தாகிவிட்டான், மையித்து மட்டும் கிடைத்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்காக அண்ணன் உயர்ந்த ஊதுக்கட்டையாகப் பார்த்துப் போட்டார். வந்தவர்களில் பாதிப் பேர் புகையால் அழுதார்கள். மீதிப் பேர் ஊதுக்கட்டையின் விலையைக் கேட்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வாசலில் குனிகிற தலை மட்டும் கண்ணில் நின்றது.

ஸுவைனா, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசனை கூடாது, மை கூடாது. அவள் வாச சோப்பைக்கூடத் தொடவில்லை. காவாவில் ஏலக்காய் போடலாமா, அதுவும் வாசனையில் சேருமா என்று என்னிடம் வந்து கேட்டவள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையணை உறைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். ஹிலாலின் குஞ்சம். அவன் கழற்றிப் போட்ட கடைசி அங்கியிலிருந்து அறுத்து வைத்திருந்தாள்.

"அவரு வாசம் இருக்குக்கா இதுல. வெச்சிருக்கிறது தப்பா?"

"யாருக்குத் தெரியப்போகுது, வெச்சுக்கோ" என்றேன்.

பிறகு ஒரு மத்தியானம் ரய்யாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள். "இத்தா முடிஞ்சதும் ஸூருக்கே போயிடலாம்னு இருக்கேன்க்கா. அங்க இவளுக்குக் கடல் இருக்கு, மாமனுங்க இருக்காங்க. நீங்க அப்பப்ப வந்து பாருங்க."

ரய்யாவுக்கு என் தம்பியின் கண். அதே காது மடல். அதை நான் அப்பப்போ போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். சரிம்மா என்றேன்.

இத்தாவின் கடைசி மாதத்தில் கனியா அத்தை வந்தாள். கூடவே கல்ஃபான் அண்ணனும். ஸுவைனா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அத்தையின் கையை முத்தமிடக் குனிந்தாள். அத்தை அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது என்ன வாசம்? கல்ஃபான், இங்க வா. இத்தாவுல இருக்கிற பொம்பளை மேல ஆம்பளை வாசம் அடிக்குது."

ஸுவைனா பயப்படவேயில்லை. அதுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஓடிப்போய்க் குஞ்சத்தை எடுத்து வந்து நீட்டினாள். "அவரோடதுதான் அத்தை. வேலைக்குப் போறப்ப போடுவாரு. ஷம்ஸா அக்காதான் வாங்கிக் கொடுத்தாங்க."

"குஞ்சம் எந்த ஆம்பளை கழுத்துலதான் இல்ல?" என்றாள் அத்தை. "அறுத்த அங்கி எங்க, கொண்டா பார்ப்போம்."

அங்கிகளை நான் முந்தின வாரமே பள்ளிவாசலுக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். போனவர் துணியைத் தானம் செய்வது வழக்கம்தானே.

அண்ணன் குத்துவாளைச் சரிசெய்துகொண்டார். "எங்க வீட்டு ஆம்பளை புல்லைப் பூசிக்கிட்டு அலைவானா? அப்படியே பூசினான்னாலும் இத்தனை மாசம் எப்படி வாசம் நிக்கும்?"

அவர் ஆயுளில் பேசிய ஒரே நியாயமான பேச்சு அது, அதுவும் என் தயவில்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஸுவைனாவும் பார்த்தாள், நிம்மதியாக. அக்கா சொல்லிவிடுவாள், விஷயம் முடிந்துவிடும் என்ற பார்வை.

"ஹிலால் ஊதைத் தவிர வேற எதுவும் போட்டதில்ல" என்றேன்.

அவள் கத்தவில்லை. "அக்கா" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஏன்க்கா?" என்றாள். அத்தை தன் மூக்கின் மகிமையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டதால் நான் பதில் சொல்ல வேண்டி வரவில்லை. அன்று சாயங்காலமே ஸூரிலிருந்து அவளுடைய அண்ணன் வண்டியோடு வந்தான், தலை குனிந்தபடி. மானமுள்ள குடும்பத்துப் பிள்ளை மானம் கெட்டவளோடு வளர வேண்டாம் என்று கல்ஃபான் அண்ணன் தீர்ப்புச் சொன்னார். ரய்யா என் இடுப்பில் இருந்தாள். ஸுவைனா கையை நீட்டினாள். குழந்தையும் தாவியது. நான் பிடியை விடவில்லை. அவ்வளவுதான்.

நீங்கள் கேட்கத் தயங்குகிறீர்கள். பகலில் போடுகிற வாசனை சாயங்காலம் வரை நிற்காது, மாதக்கணக்கில் எப்படி நின்றது என்றுதானே? என் அலமாரியில் பழைய குப்பி இருந்தது. முதல் தடவை இரக்கப்பட்டுத்தான் செய்தேன், நம்புங்கள். குஞ்சத்தில் வாசம் போய்விட்டதென்று அவள் ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் குளிக்கப் போனபோது இரண்டு சொட்டு விட்டேன். அன்று ராத்திரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "திரும்பி வந்திருக்குக்கா. அவரு இங்கதான் இருக்காரு" என்றாள். சோறும் சாப்பிட்டாள்.

இரண்டாவது தடவை, அவள் ஸூர் பேச்சை எடுத்த பிறகு. அதன்பின் தினமும். குஞ்சத்தில், தலையணை உறையில், அவள் போர்த்துகிற துணியின் ஓரத்தில், கொஞ்சம் தாராளமாகவே. அவள் ஒவ்வொரு நாளும் தன் புருஷனுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் படுத்தாள். தாராளமாக விட்டதற்குக் காரணம் உண்டு. அத்தையின் மூக்கு எவ்வளவு மந்தம் என்று எனக்குத் தெரியும். அன்று அத்தை தானாக வரவில்லை, அண்ணனும் வரவில்லை. காவாவுக்கு வாருங்கள் என்று இருவரையும் அழைத்தது நான்.

இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். ஸுவைனா இரண்டு முறை வாசலுக்கு வந்தாள் என்று மனுவில் எழுதியிருப்பாள், அது உண்மை. கதவைத் திறக்காதது நான். ஆனால் அவளிடமிருந்து குழந்தையின் மனதைப் பிரித்தேன் என்றும் எழுதியிருக்கிறாளாமே, அது அநியாயம். ரய்யா எழுந்துவிட்டாள் போலிருக்கிறது, வரட்டும், நீங்களே கேளுங்கள். உன் அம்மா யார் என்றால் என்னைத்தான் காட்டுவாள். என்னை அப்படிக் கூப்பிடச் சொல்லி ஒருநாளும் நான் சொல்லித் தந்ததில்லை, அல்லாஹ் சாட்சி. உன் அம்மா மௌத்தாகிவிட்டாள் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.