பதில் வராத மூன்று கடிதங்கள்

என் அறையில் எப்போதும் இரண்டு டிஷ்யூ பெட்டிகள் இருக்கும், ஐயா. ஒன்று மனைவிக்கு, ஒன்று கணவனுக்கு. கணவன் பக்கத்துப் பெட்டிதான் முதலில் தீரும்.

கருத்தரிப்பு மையத்தில் ஆலோசகர் வேலை எனக்கு. குழந்தை பிறந்த பிறகு மிச்சமாக உறைந்திருக்கும் கருக்களை என்ன செய்வது என்று தம்பதிகள் முடிவெடுக்க உதவுவேன். வைத்திருக்கலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம், அழித்துவிடலாம். இதைச் செய்யுங்கள் என்று நானாக யாரிடமும் சொன்னதில்லை.

எங்களிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பள்ளி டீச்சருக்கு மகள் பிறந்து, மூன்று கருக்கள் மிச்சமிருந்தன. 'வைத்திருக்கட்டுமா?' என்று வருடம் ஒருமுறை கடிதம் போடுவது என் பொறுப்பு. தொடர்ந்து மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லையென்றால், கருக்கள், தானமாகக் கரு கேட்டுக் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். அதற்கு முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுவோம். முதல் வருடக் கடிதம் கிடைத்ததும் டீச்சர் நேரிலேயே வந்துவிட்டார்.

"அந்தக் கவரைப் பார்த்தாலே பயமா இருக்கு மேடம். பத்திரமா வச்சிருங்க."

அடுத்த வருடம் கடிதத்தை எழுதினேன், ஒட்டினேன், தபாலில் சேர்க்கவில்லை. அவரை எதற்கு நோகடிக்க வேண்டும்? அதற்கடுத்த இரண்டு வருடங்களும் அப்படித்தான்.

பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. நான்கு முறை எனக்குக் கரு தங்கவில்லை. கடைசி முறை குளியலறைத் தரையில் உட்கார்ந்து கதறினேன். "போதும்மா, விட்டுடு" என்றார் என் கணவர். விட முடியவில்லை. டீச்சர் தந்த மகளின் படம் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. இடது கன்னத்தில் மட்டும் குழி. அதைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பெரிய டாக்டர் என் கோப்புகளைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார், அவ்வளவு நம்பிக்கை. இரண்டு கருக்கள் வீணாயின. மூன்றாவது தங்கியது. என் மகனுக்கு இப்போது இரண்டு வயது.

போன மாதம் டீச்சர் வந்தார். காய்ச்சலில் மகள் போய்விட்டாள்.

"அந்த மூணும் இருக்குல்ல மேடம்?"

"மூணு கடிதம் போட்டோம். நீங்க பதிலே போடலையே."

"எதுவும் வரலையே..."

"வந்திருக்கும். வீட்ல நல்லாத் தேடிப் பாருங்க."

தேடியிருக்கிறார். பரண், பீரோ, மெத்தைக்கு அடியில் என்று ஓர் இடம் பாக்கியில்லை. கணவர்தான் வாங்கி எங்கோ போட்டுவிட்டார் என்று சண்டை முற்றி, அவரும் வீட்டை விட்டுப் போய்விட்டார். அப்புறம் டீச்சர் தினமும் காலையில் என் அறை வாசலில் வந்து நிற்பார். "இன்னும் கிடைக்கல மேடம். தேடிட்டிருக்கேன்" என்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். நடிப்பில்லை, ஐயா.

நேற்று என் கணவர் பையனைத் தூக்கிக்கொண்டு மையத்துக்கு வந்தார். பையன் டீச்சரைப் பார்த்துச் சிரித்தான். அவர் அவன் இடது கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, நேராக உங்கள் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறார்.

கடிதங்களை மறைத்தது நான்தான். கருக்களை எடுத்ததும் நான்தான். மூன்று கவர்களும் என் மேசை இழுப்பறையில் ஒட்டியது ஒட்டியபடி இருக்கின்றன. அன்றே கிழித்துப் போட்டிருந்தால், கடிதங்களை மறைத்ததற்கு உங்களிடம் ஆதாரமே இருந்திருக்காது. ஆனால் அவை டீச்சருடைய கடிதங்கள். அடுத்தவர் பொருளில் கை வைக்க எனக்கு மனம் வராது.