உப்பளத்தில் யாரும் சாவதில்லை

– அந்தக் கதவ இன்னும் எவ்ளோ நேரம் தட்டுவீங்க பாய்? நானும் வேலியோரம் நின்னு பாத்துக்கினே இருக்கேன். அகஸ்டினா உள்ளதான் இருக்கா. தொறக்கறதுக்குக் கொஞ்சம் யோசிப்பா, அவ்ளோதான்.

– நீங்க யாரும்மா?

– பக்கத்து வீடு, அஞ்சலாட்சி. இந்தத் தெருவுல எந்த அடுப்புல எந்தக் கொழம்பு கொதிக்குதுன்னு என்னக் கேட்டா சொல்லுவேன். நீங்க சுகாதார ஆபீசு அன்வருதீன் பாய்தானே. முனையிலேர்ந்து வீடு வீடா சாவு கேட்டுக்கினு வர்றீங்கன்னு உங்களுக்கு முன்னாடியே எனக்குச் சேதி வந்துடுச்சு.

– சாவு மட்டும் இல்லம்மா. சாவு, சீக்கு, கெணறு, கக்கூஸ். எல்லாம் கேட்டுக்கினு வரச் சொல்லி பிரெஞ்சுக்கார டாக்டர் துரை அனுப்பியிருக்காரு. ஊரு பூரா ரோடு போட்டு வாய்க்கா வெட்டறாங்க இல்ல, அதோட ஒரு சின்னாஸ்பத்திரியும் தெருவுக்குள்ள கட்டப் போறாங்க. ஒரு நர்சு, ஒரு கம்பவுண்டரு, வேண்டிய மருந்து. அது எந்தத் தெருவுக்கு வேணும்னு பாக்கத்தான் நான் வந்தது.

– அப்ப நானே சொல்லிடறேன், எழுதிக்கினு வெயிலுக்கு முன்னாடி கெளம்புங்க. கக்கூஸ்னு ஒண்ணு கேட்டீங்களே, கடலு எதுக்கு இருக்கு. கெணறு ஒண்ணு இருந்துச்சு. வாய்க்கா வெட்டறேன்னு பக்கத்துல பள்ளம் தோண்டினாங்க, இப்ப சேந்தினா காப்பித் தண்ணிதான் வருது. சக்கர மட்டும்தான் போடல. சீக்கு எவ்ளோ வேணும்னாலும் இருக்கு. சாவு கெடையாது.

– ஒண்ணுகூடவா?

– கெடையாது. எல்லாரும் சௌக்கியம்.

– முனையிலேர்ந்து எல்லா வீட்டுலயும் அதத்தாம்மா சொன்னாங்க. பொறப்பு சாவு எழுதற மேரி ஆபீசு ரிஜிஸ்தர்லயும் அப்படித்தான் இருக்கு. துரை அதப் பாத்துட்டு மத்த டாக்டருங்ககிட்ட பெருமையாப் பேசறாரு. உப்பளத்துல ஒரு தெரு இருக்கு, வருசக்கணக்கா அங்க யாரும் சாவறதில்ல, கடக்காத்து அப்படி, அப்படிங்கறாரு.

– காத்து நல்ல காத்துதான். கருவாட்டு நாத்தத்தத் தள்ளிட்டா.

– சிரிக்காதீங்கம்மா. அதனாலதான் பெரிய வீதி சாக்கடையெல்லாம் இந்தப் பக்கம் திருப்பி விடறாங்க. இங்க இருக்கறவங்க திடமானவங்க, தாங்குவாங்கன்னு பேச்சு.

– யாருகிட்டக்கா பேசிக்கினு இருக்க?

– இதோ, வந்துட்டா. அகஸ்டினா, இவரு ஆஸ்பத்திரி பாய். பயப்படாத, கேட்டதுக்கெல்லாம் நானே சொல்லிட்டேன். நீ உள்ள போய்ப் புள்ளயப் பாரு. ரோசாவுக்கு இப்ப எப்படி இருக்கு?

– படுத்திருக்கா.

– வாந்தி?

– நின்னுடுச்சு.

– பேதி?

– அதுவும் நின்னுடுச்சு.

– பாத்தீங்களா பாய், ரெண்டு நாளா அந்தக் கொழந்த படாதபாடு பட்டுச்சு. நான்தான் ஓமத்தண்ணி வச்சுக் குடுக்கச் சொன்னேன். என் பேச்சக் கேட்டா எல்லாம் நின்னுடும்.

– வாந்தி பேதின்னா நேத்தே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிருக்கலாமேம்மா.

– போவாமயா இருப்பா? தோள்ல போட்டுக்கினு முனை வரைக்கும் போனா. வாய்க்காப் பள்ளம் ரொம்பிக் கழுத்துத் தண்ணி நின்னுச்சு, நீங்க ஏறி வந்த பலக இன்னிக்குக் காலையிலதான் போட்டாங்க. ஆள உக்கார வச்சுத் தள்ளற புஷ்புஷ் வண்டிக்காரன் அந்தாண்ட கரையில நின்னுக்கினு, நீ வந்தா ஏத்திக்கறேன்னான். புள்ளயத் தலையில வச்சுக்கினு நீந்தச் சொல்றீங்களா? திரும்பி வந்துட்டா.

– பாப்பாவ நான் ஒரு தடவ பாக்கட்டுமா?

– இருங்க பாய். வாசல்லயே இருங்க. எம் புள்ளய அப்புறம் பாக்கலாம், முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அந்தச் சின்னாஸ்பத்திரி இந்தத் தெருவுக்கு வருமா, வராதா?

– கேள்வி அதில்லம்மா. நான் கேட்டு எழுதறவன்தான்.

– எனக்கு அதுதான் கேள்வி.

– வராதும்மா. ஒளிச்சு என்ன பண்றது. சாவு எங்க நெறைய எழுதியிருக்கோ அந்தத் தெருவுக்குத்தான் மொதல்ல. இன்னிக்குத் தேதியில பெரிய வீட்டுக்காரங்க தெருதான் முன்னாடி இருக்கு.

– அங்க காருல போயி டாக்டரக் கூட்டியாறவங்களாச்சே.

– அங்க செத்தா எழுதறாங்கம்மா.

– எழுதாம? அங்க ஒரு கெழவரு கண்ண மூடினா டாக்டரு வந்து நாடி பாக்கணும், நாலு வெள்ளக்கார முசே வந்து தொப்பியக் கழட்டணும், அப்புறந்தான் அவரு செத்தாருன்னு வீட்டுலயே ஒத்துக்குவாங்க. நம்ம பக்கம் அந்த ஆடம்பரமெல்லாம் எதுக்கு பாய்.

– அக்கா, கொஞ்சம் சும்மா இரு. பாய், எங்க வீட்டுக்காரரு செத்துட்டாரு. எழுதிக்குங்க.

– ஏய், வாய மூடுடி.

– அமலநாதன். போன மழையில. இதே வாந்தி பேதிதான்.

– அமலநாதனா? துறைமுகத்துல மூட்ட தூக்கறவரா?

– அவருதான்.

– அம்மா, அவரு அந்த மழைக்கப்புறம் வந்த எலெக்ஷன்ல ஓட்டுப் போட்டாரே. நான் அன்னிக்குப் பெட்டிக்குப் பக்கத்துல வேல பாத்தேன். பேரு கூப்பிட்டாங்க, மூட்டக்காரர்னு யாரோ சிரிச்சாங்க, ஒருத்தரு நீலச் சட்ட போட்டுக்கினு வந்து போட்டுட்டுப் போனாரு.

– சட்ட அவரோடதுதான். ஆளு யாருன்னு எனக்குத் தெரியாது. கலியபெருமாள் வந்து சட்டையக் கேட்டாரு, குடுத்தேன்.

– போச்சு. சட்டையே வெளிய வந்துடுச்சு, இனிமே நான் மூடி மறைச்சு என்ன ஆவப் போவுது. சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க பாய். கலியபெருமாள் கட்சி ஆளு. இந்தத் தெருவுல ஒரு ஆம்பள செத்தா சொந்தக்காரங்களுக்கு முன்னாடி அவருதான் வருவாரு. மால போடுவாரு, மூக்கச் சிந்துவாரு, மேரிக்குப் போய் எழுதிடாதீங்கன்னு சொல்லிட்டுப் போவாரு. எலெக்ஷன் வந்தா அந்த வீட்டுக்கு அரிசி, ஒரு புது வேட்டி. உசுரோட இருக்கற ஆம்பளைக்கு வெறும் சாராயம்தான். செத்தவங்களுக்குத்தான் கட்சியில மதிப்பு. குடிச்சிட்டு ஓட்ட மாத்திப் போட மாட்டாங்க இல்ல.

– இந்தத் தெருவுல எல்லா வீடுமா?

– என்னக் கேட்டா? எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரு, அதான் எங்க வீட்டுல வேட்டி கெழிஞ்சு கெடக்கு.

– பொணத்த என்ன பண்ணுவீங்க? கல்லறைத் தோட்டத்துல கேப்பாங்களே.

– இங்க எதுக்குப் பொதைக்கணும்? எல்லையத் தாண்டினா இங்கிலீஷ்காரன் பூமி. மாட்டு வண்டியில வச்சு மேல வைக்கோலப் போட்டு மூடி ஓட்டிக்கினு போவோம். எல்லையில நிக்கற சுங்கக்காரன் குச்சிய விட்டுக் குத்திப் பாப்பான். சாராயம் இல்லன்னா விட்டுடுவான். பொணத்துக்கு வரி கெடையாது. அந்தாண்ட யாராவது சொந்தக்காரங்க ஊருல அடக்கம் பண்ணிட்டு வந்துடுவோம். பிரெஞ்சுக்காரன் கணக்குல அவரு செத்ததும் இல்ல, இங்கிலீஷ்காரன் கணக்குல பொறந்ததும் இல்ல.

– அவரையும் அப்படித்தான் கொண்டு போனோம் பாய். வைக்கோல் பத்தல. காலு தெரிஞ்சுது. என் சேலைய அவுத்துப் போட்டு மூடினேன்.

– அது வேற எதுக்குடி இப்ப.

– சரிம்மா. ஆம்பளைங்க கத புரியுது. ஓட்டு இல்லாத பொம்பளைங்க, கொழந்தைங்க சாவயும் ஏன் மறைக்கறீங்க? அதுல கலியபெருமாளுக்கு என்ன லாபம்?

– அவருக்கு ஒண்ணும் இல்ல, எங்களுக்குத்தான் நட்டம். பொண்டாட்டி செத்தான்னு எழுதப் போனா புருசன வந்து கையெழுத்துப் போடுன்னுவாங்க. பாதி வீட்டுல புருசன் எல்லைக்கு அந்தாண்ட படுத்திருக்கான். இருக்கற வீட்டுலயும் பேதின்னு எழுதினா என்ன ஆவும்? அன்னிக்கே ஆளு வந்து கூரையப் பிச்சு, பாய் தலகாணியெல்லாம் கொளுத்திட்டுப் போவான். பாய்னா உங்கள இல்ல.

– சீக்கு பரவாம இருக்கத்தாம்மா அது.

– சீக்கு பரவல. நாங்கதான் பரவிப் போயி அடுத்தவங்க வாசல்ல படுக்கணும். அதனால வண்டி போற வழியிலயே எல்லாரும் போயிடறாங்க. ஆம்பள பொம்பள வித்தியாசம் பாக்கறதில்ல நாங்க.

– பாய், இப்ப அவரு செத்துட்டாருன்னு நீங்க எழுதினா ஒத்துக்குவாங்களா?

– செத்தவரு எப்படி ஓட்டுப் போட்டாருன்னு கேப்பாங்க. உங்களக் கேப்பாங்க. கலியபெருமாளக் கேப்பாங்க. பெட்டிக்குப் பக்கத்துல கண்ணத் தொறந்துக்கினு உக்காந்திருந்த என்னையும் கேப்பாங்க. அதுக்குள்ள கலியபெருமாள் உங்க வீட்டுக்கு வந்துடுவாரு.

– மறுபடியும் மால போடவா?

– அக்கா.

– சரி, சரி.

– எனக்குப் பயமா இருக்கும்மா, வெளிப்படையாவே சொல்றேன். வீட்டுல நஜீமாவுக்கு மாப்பிள்ள பேசி வச்சிருக்கோம். கவர்மெண்ட்டு வேலக்காரன் பொண்ணுன்னுதான் வர்றாங்க. இந்த வேல போச்சுன்னா அதுவும் போச்சு. எலெக்ஷன் விசயத்துல கைய வச்சு நல்லா இருந்தவன் இந்த ஊருல எவனும் இல்ல. நீங்க சொன்னது என் காதுல விழல. தப்பா எடுத்துக்காதீங்க.

– அப்ப ஒண்ணும் எழுதாமப் போவப் போறீங்க.

– எழுத எனக்கும் ஆசதான். இந்தச் சுத்துக்குத் துரை எனக்கு ஒரு அதிகாரம் குடுத்திருக்காரு. போற வீட்டுல ஒரு சாவ நானே கண்ணால பாத்தா நானே எழுதிடலாம். புருசன் கையெழுத்து, சாட்சி, எதுவும் வேணாம். ஆனா கண்ணால பாக்கணும். எல்லையத் தாண்டிப் போனதெல்லாம் செல்லாது.

– ஒண்ணு எழுதினா ஆஸ்பத்திரி வருமா?

– வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இந்தத் தெருவுலயும் ஆளுங்க சாவறாங்கன்னு துரைக்குத் தெரியும். பேச்சு எடுப்பாரு. பணம் இருந்தா வரும். துரைய வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னா அந்தப் பேச்சும் கப்பல்ல போயிடும்.

– நல்லா இருக்கு பாய் உங்க ரூலு. இன்னிக்குப் பாத்து யாரச் சாவச் சொல்றது? எதிர் வீட்டுப் பாவாடைக் கெழவரு ரொம்ப நாளா இழுத்துக்கினு கெடக்காரு. கேட்டுப் பாக்கலாம். ஆனா அவரு உங்களுக்குத் தோதா செத்தாலும் கலியபெருமாள் விட மாட்டாரு. கட்சிக்கு வாக்குக் குடுத்துட்டாரு.

– பாய், பேதின்னு எழுதினா கூரையக் கட்டாயம் எரிப்பாங்களா?

– எரிப்பாங்கம்மா. அது என் கையில இல்ல.

– இன்னிக்கேவா?

– சாயங்காலத்துக்குள்ள ஆளு வந்துடும். ஏன் கேக்கறீங்க?

– சாமான் கொஞ்சம் எடுத்து வெளிய வைக்கலாமா?

– பித்தள, இரும்பு வைக்கலாம். துணி கூடாது.

– நீ எதுக்குடி இந்த விசாரணையெல்லாம் பண்ற? உன் வீட்டுல பித்தளன்னு இருக்கறது அந்தச் சிலுவ ஒண்ணுதான்.

– அக்கா, என் சின்ன மவ உன் வீட்டுலதானே இருக்கா?

– வேற எங்க போவா? விடியறதுக்கு முன்னாடியே கொண்டாந்து என் மடியில போட்டுட்டுப் போயிட்டா பாய் இவ. என்னடி இவ்ளோ சீக்கிரம்னு கேட்டேன், போயிக் கதவச் சாத்திக்கினா. ரெண்டு நாளா கண்ணு மூடாதவ, செத்த நேரம் படுக்கட்டும்னு நானும் வாங்கிக்கினேன். இப்ப கஞ்சி குடிச்சிட்டு என் மொறத்தப் பிச்சுக்கினு இருக்கு.

– வாந்தி ஏதாவது எடுத்தாளா?

– அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கா. ஏண்டி?

– கொஞ்ச நாளைக்கு உங்கிட்டயே இருக்கட்டும். நானும் வந்து படுத்துக்கறேன், உன் வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலன்னா.

– அவரு என்னத்தச் சொல்லப் போறாரு. உன் வீட்டுக்கு என்னடி வந்துச்சு?

– சின்னவளுக்குத் தண்ணி காய்ச்சிக் குடு அக்கா. அந்தக் கெணத்துத் தண்ணி வேணாம்.

– அகஸ்டினா, உனக்கு என்ன ஆச்சு? இப்படி ஒரேடியாப் பேசறவ இல்லியே நீ.

– பாய், செருப்ப விட்டுட்டு உள்ள வாங்க.

– வேணாம்மா. பாப்பா இப்பத்தானே தூங்கறா. நான் வந்தா முழிச்சுக்குவா.

– முழிக்க மாட்டா பாய். கண்ணால பாத்துட்டு எழுதிக்குங்க. ரோசாவுக்கு ஓட்டு கெடையாது.