தமிழில் திறந்த குரல்

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா சார்? என் கடையில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் தட்டுவேன். பிஸ்கட் தூள், முடி, கடித்துத் துப்பிய நகம் எல்லாம் உதிரும். ஒருமுறை மீன் செதிலே விழுந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் கடை வைத்தால் எல்லார் கையும் வந்து பதியத்தான் செய்யும். அதையெல்லாம் சகித்துக்கொண்டு இத்தனை வருஷம் தொழில் நடத்தியவன் இந்த வாஞ்சிநாதன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஸ்கேன், பிரிண்ட். இதுதான் என் வேலை. தமிழில் பத்திரிகை அடிக்க இந்தப் பக்கம் வேறு ஆள் கிடையாது. அதற்காகவே அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். பழைய தமிழ் எழுத்துரு அதில்தான் ஒழுங்காக வரும். நோட்பேடுக்கும் அதே எழுத்துருவைத்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

அதில் ஒரு கோளாறு உண்டு. போனில் பதிவான குரல் ஃபைலை க்ளிக் செய்தால் அது பாடாது, நோட்பேடில் போய்த் திறக்கும். எப்போதோ கைதவறி, ‘எப்போதும் இதிலேயே திற’ என்று டிக் போட்டுவிட்டேன். திரை முழுக்கத் தமிழ் எழுத்தாகக் கொட்டும். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் இருக்காது. வேறு புரோகிராமைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் அதே ஃபைல் கணீரென்று பேசும். நான் அதைச் சரிசெய்யவில்லை. அது எனக்கு உபகாரமாகவும் இருந்தது. கடையில் நிற்கவிடப் பிடிக்காத ஆள் வந்தால் அதைத் திறந்து காட்டி, ஃபைல் கெட்டுப்போச்சு என்று அனுப்பிவிடுவேன். மீன் இறக்குகிற அல்தாஃபை அப்படி அனுப்பியிருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

ஷைலஜா போகவில்லை.

அவள் பக்கத்துச் சுள்ளிக்கல்காரி. சாக்கடை வாரும் வேலை. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். அவள் புருஷன் அனீஷ் ஒரு லாட்ஜின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் செத்துப்போனான். குடித்துவிட்டுத் தானாக இறங்கினான் என்று கான்ட்ராக்டர் சொன்னார். அவர்தான் இறக்கினார் என்று இவள் புகார் கொடுத்திருந்தாள். அனீஷின் போனில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகுமாம். போனும் அவனோடு தொட்டிக்குள் விழுந்து பாழாகிவிட்டது. அதற்குள் இருந்த மெமரி கார்டை எடுத்துக் கழுவி, காகிதத்தில் பொதிந்து ஒருநாள் காலையில் கொண்டுவந்தாள். கடைசியாகப் பேசியதை வக்கீலுக்கு சி.டி. போட்டுக் கொடுக்க வேண்டும் என்றாள்.

அந்தக் கார்டு எங்கே கிடந்தது என்று கொஞ்சம் யோசியுங்கள் சார். டிஷ்யூவால் பிடித்துத்தான் செருகினேன். அப்புறம் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். மத்தியானம் வா என்று சொல்லி அவளை அனுப்பினேன்.

வேலை முடிந்து அப்படியே வந்தாள். காலில் சாக்கடைச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. நான் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கம்போல ஃபைலை நோட்பேடில் திறந்து காட்டி, கெட்டுப்போச்சு என்றேன்.

அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். “சாமி, இது தமிழல்லே? அவரு பறஞ்சதெல்லாம் எழுத்தா வந்திருக்கா?”

நாம் பேசப் பேச எழுதிக்கொள்கிற போன்கள் வந்துவிட்ட காலம். அவள் அப்படி நினைத்ததில் தப்பில்லை.

“எனக்குத் தமிழ் வாசிக்க அறியாது. என்ன பறஞ்சிருக்காருன்னு வாசிச்சுச் சொல்லுங்க சாமி.”

சொல்லிக்கொண்டே திரையில் கையை வைத்தாள். எழுத்துகளைத் தடவினாள். மூக்கைச் சிந்திவிட்டு அதே கையை மறுபடி வைத்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அந்தக் கை அங்கிருந்து போனால் போதும் என்று இருந்தது எனக்கு. அதனால் வாசித்தேன். “நான் குடிச்சிருக்கேன் சாரே. யாரும் சொல்ல வேண்டாம். நானே இறங்குறேன்.” அவள் நம்ப வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

கையை எடுத்துவிட்டாள். பிறகு, “என் பேரு பறஞ்சாரா?” என்று கேட்டாள்.

சொல்லியிருக்கிறான் என்றேன். அதை நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை சார். இரக்கப்பட்டுத்தான் சொன்னேன். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னாள், கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவள் கையிலிருந்து நோட்டை வாங்கி நான் எங்கே வைப்பது? கார்டு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். டிஷ்யூவோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்தேன்.

அவள் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அடுத்த மழைக்கு அதே கான்ட்ராக்டர் அவள் தம்பி பாலையாவை வேறொரு தொட்டியில் இறக்கினார். அவனும் ஏறி வரவில்லை. துக்கம் கேட்கப் போன மாடத்தி, தென்காசிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், தமிழ் படித்தவள், அனீஷ் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த அந்தப் பிரிண்டைப் பார்த்திருக்கிறாள். “இதுல ஒரு வார்த்தைகூட இல்லையேக்கா” என்றாளாம். அப்புறம்தான் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள்.

பாலையாவை இறங்கச் சொன்னது நானில்லை. அனீஷை நான் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிறேன். தெரியும். காலையில் அவள் படி இறங்கியதுமே சரியான புரோகிராமில் திறந்து, முழுக்கக் கேட்டேன். “உள்ளே விஷ கேஸ் உண்டு சாரே, மெஷின் வரட்டே” என்று அனீஷ் கெஞ்சுகிறான். “மெஷினும் வராது ஒண்ணும் வராது, இறங்குடா. இல்லேன்னா உன் பெண்டாட்டிக்கும் நாளை முதல் வேலை இல்லை” என்கிறார் கான்ட்ராக்டர். அனீஷின் குரலில் குடி இல்லை. குழறல் இல்லாமல் தெளிவாகப் பேசினான்.

சி.டி. போட ஐந்து நிமிஷம் ஆகாதுதான். ஆனால் வழக்கு நடந்தால் அவள் வந்துகொண்டே இருப்பாள். இன்னொரு காப்பி வேண்டும் என்பாள், வக்கீல் கேட்கிறார் என்பாள், ஒவ்வொரு தடவையும் என் கடைக்குள் வந்து உட்காருவாள். அதை நீங்கள் யாரும் யோசிக்க மாட்டேன் என்கிறீர்கள். அன்று அவள் போனதும் நாற்காலியை ரோட்டில் இழுத்துப் போட்டு, டெட்டால் ஊற்றிக் கழுவினேன். அப்போதுதான் சார் எனக்கு மூச்சே வந்தது.