கிழக்குப் பக்கத்து அறை

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார்கள் ஐயா. அப்புறம் கரண்டு, பஸ், பக்கத்துக் கடை. வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சுந்தரி பொய் பேசினாள் என்று இந்தக் கலகெதர ரோட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

குவைத்தில் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்துக் கட்டிய வீடு இது. முன்பக்கம் நான் இருக்கிறேன், பின்பக்கம் வாடகைக்கு. அதைப் பார்க்கத்தான் வீரசிங்கம், மகள் நிஷாந்தியையும் அவளுடைய கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தண்ணி எந்நேரமும் வருமாம்மா?"

"வரும்."

"பிள்ளை படுக்க கிழக்குப் பக்கம் ரூம் வேணும். நாங்க சாத்திரமெல்லாம் பாப்போம்."

"இருக்குங்க. கடைசி ரூம்."

அவருக்குச் சந்தோஷம். ஜன்னலுக்கு வெளியே மண்மேடு, அதன்மேல் பச்சைப்பசேலென்று கொடி. "நல்ல குளிர்ச்சி" என்றார். அந்த மேடு வெடித்திருக்கிறது, மழை நாளில் இந்த அறையில் ஆள் படுக்கக் கூடாது என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வெடிப்பின்மேல் கொடியை இழுத்துப் பரப்பியது நான்தான். வீரசிங்கம் வீடு கேட்டுப் போனில் தன் பெயரைச் சொன்ன அன்றைக்கே செய்து முடித்தேன்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பல வருடங்களுக்கு முன் கண்டி டவுனில் அவர் வீட்டின் பின்னறையில் நானும் என் புருசனும் குடியிருந்தோம். நாவலப்பிட்டி டவுன் என்று சொல்லித்தான் அறை எடுத்தோம். பன்வில தேயிலைத் தோட்டம் என்றால் யார் தருவார்கள்? ஒரு நாள் விடிந்தும் என் புருசன் எழும்பவில்லை. "எந்திரிங்க, பிரட்டுக்கு நேரமாச்சு" என்று சத்தம் போட்டுவிட்டேன். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதுதான் பிரட்டு. டவுனில் கடை வேலைக்குப் போகிறவனிடம் அந்தச் சொல் என் வாயில் வந்துவிட்டது, பாழாய்ப்போன வாய்.

முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்த வீரசிங்கம் திரும்பிப் பார்த்தார். "தோட்டத்து லயத்து ஆளுங்களா நீங்க? இன்னைக்கே காலி பண்ணுங்க."

கொட்டுகிற மழை. என் மகன் தினுஷனுக்குக் காய்ச்சல். "பிள்ளைக்குச் சுகமாகட்டும் ஐயா" என்று அவர் காலைப் பிடித்தேன். காலை உதறிவிட்டு உள்ளே போனார். நனைந்த பிள்ளைக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. பன்வில போய்ச் சேர்ந்தபோது என் மடியில் உயிர் இல்லை. அன்றைக்கு எரிந்த வயிறு ஐயா, இன்னும் எரிகிறது.

அவர்கள் குடிவந்த பிறகு, போன வாரம் விடாத மழை. வியாழக்கிழமை காலையில் மேட்டிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. நிஷாந்தி அடுப்படியில் இருந்தாள், வீரசிங்கம் பாண் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் மேடு இறங்கிவிட்டது. அந்த ஒரு அறை மட்டும் போனது. குழந்தை மட்டும்.

அவர் சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "கிழக்கு ரூம்னு நான்தானே கேட்டேன், என் பேரனை நானே கொன்னுட்டேன்" என்று கதறினார். ஊரே அவரைத் தேற்றியது. என்னால்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருடம் காத்திருந்து நான் செய்ததை அவர் தன் பேரில் எழுதிக்கொள்வதா?

பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெடிப்பு, கொடி, மழை, என் பிள்ளை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எந்தப் பிள்ளை?" என்று கேட்டார்.

அதனால்தான் ஐயா, ஸ்டேசனுக்கு நானே வந்தேன். தினுஷன் என்ற பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வீரசிங்கத்திடம் அதை வாசித்துக் காட்டுங்கள்.

அந்தக் குழந்தைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அடுப்படிக்குப் பக்கத்தில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. மண் உதிரத் தொடங்கிய பிறகு, நிஷாந்தியிடம் சொல்லிவிட்டு, தொட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்க் கடைசி அறையில் வைத்தேன். பச்சைப்பிள்ளை, புகை பட்டால் இருமல் வந்துவிடும்.